பேறுகாலத்தில் நான் பறித்த காப்பிப் பழம்

எனக்குக் கல்யாணமான அடுத்த வாரமே எஸ்டேட் செக்ரோலில் என் பேர் ஏறியது. அதே காலையில் என் அத்தையின் பேர் இறங்கியது. அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. செக்ரோல் என்பது, விடிந்ததும் ஆட்களை நிறுத்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் குறிக்கிற பெரிய நோட்டு. மஞ்சக்குட்டைக்கு அப்பால் இருந்த எங்கள் காப்பி எஸ்டேட்டில் அப்படி ஒரு வழக்கம். வீட்டுக்கு மருமகள் வந்துவிட்டால் மாமியார் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். யாரும் போட்ட சட்டமில்லை. எல்லோரும் அப்படிச் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பழம் பறிப்பதில் அவரை மிஞ்ச அந்த மலைச்சரிவில் ஆளில்லை. ஒரு கையால் கிளையை வளைப்பார், மறு கை சிவந்த பழத்தை மட்டும் உருட்டி எடுத்து இடுப்புச் சாக்கில் போட்டுக்கொண்டே போகும். பச்சைக் காய் ஒன்றுகூட விழாது. வாயோ பக்கத்து வரிசைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவரை அடுப்படியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பார். சலித்த மாவையே மறுபடி சலிப்பார். "என்ற கை சும்மா இருந்தா எனக்குச் சொரம் வந்துரும் கண்ணு" என்பார். மருமகளைக் குறை சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆள் இல்லை. ஒண்டிக்கடை முக்கில் ஆள் சேர்த்து மஞ்சக்குட்டைக்கு ஓடும் ஜீப்பின் டிரைவர். ஆகையால் எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லைன் வீடு என் பேரை நம்பித்தான் எங்களிடம் இருந்தது. நோட்டில் பேர் இருக்கிறவரை வீடு, பேர் போனால் வீடும் போகும் என்று அத்தை எனக்குச் சொல்லியிருந்தார். அவருக்கு அவருடைய மாமியார் சொன்னதாம்.

இந்தப் பயத்திலிருந்து இன்னொரு பழக்கம் முளைத்திருந்தது. யாருக்காவது காய்ச்சல் என்றால் அக்காவோ தங்கையோ போய் அவள் பேருக்கு நிற்பாள். ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி பேரைக் கூப்பிடுவார். "வந்தனுங்க" என்று ஏதோ ஒரு குரல் வரும். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். "எனக்குத் தலை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும், மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்" என்பார். பேர் வீட்டுக்குச் சொந்தம், அந்தப் பேருக்கு வேலை செய்கிற கை யாருடையதாக இருந்தால் என்ன என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். லீவு என்ற சொல் பள்ளிக்கூடத்துக்கு உரியது. எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தலைப்பிள்ளை உண்டானேன். வயிறு தானாகத் தெரிகிறவரை வெளியே சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்று லைனில் ஒரு கட்டுப்பாடு. நானும் சொல்லவில்லை. ஆபீஸில் கணக்கெழுதுகிற ரைட்டரிடம் போய், அதுவும் ஓர் இளவட்ட ஆணிடம் போய், இதைச் சொல்ல வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் வெட்கத்தில் காப்பிச் செடிக்குள் புகுந்திருப்பேன். முதல் பிரசவம் தாய் வீட்டில். என் தாய் வீடு மலைக்குக் கீழே குப்பனூரில். வளைகாப்பு முடிந்து, நான் கீழே இறங்க வேண்டிய நேரத்தில்தான் மேலே பழம் பழுக்கத் தொடங்கியது. பறிப்பு நேரத்தில் ஒருத்தி குறைந்தால் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும்.

"நீ போ சாமி. உன்ற பேருக்கு நான் போய் நிக்கறேன்" என்றார் அத்தை.

"உங்களை எல்லாத்துக்கும் தெரியுமுங்களே அத்தை."

"தெரிஞ்சா என்ன? என்ற எடத்துக்கு நீ வந்த. இப்ப உன்ற எடத்துக்கு நான் வாரேன். பஸ்ஸுல எந்திரிச்சு எடம் குடுக்கறதில்லையா?"

சொன்னபோதே அவர் கண் மூலையில் தொங்கிய பழைய சட்டையைத் தேடியது. பறிப்புக்குப் போகும்போது சேலைக்கு மேலே போட்டுக்கொள்கிற முழுக்கைச் சட்டை. அதை எடுத்து உதறி, கிழிசலைத் தைத்து, பட்டன் வைத்து, புது மருமகள் கூறைச்சேலையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பிரியும் வருத்தம் அவருக்கு இருந்திருக்கும். ஆனால் அந்தச் சட்டை அதைப் பாதி மறைத்துவிட்டது.

நான் குப்பனூருக்கு இறங்கினேன். டிசம்பர் முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வெயிலில் நனைந்து கிடக்கிற ஊர் அது. பிள்ளை மட்டும் மலைக் குளிரில் பிறந்தது போலச் சுருங்கி, ஒரு கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. பிரசவம் பார்த்த நர்சம்மா வாரம் ஒருமுறை வந்து துணியில் போட்டு எடை பார்ப்பார். "பால் குடிக்குது, பயமில்ல. ஆனா உடம்பு தேறற வரைக்கும் மேல கொண்டுபோயிராத. இந்தச் சூடுதான் இதுக்கு மருந்து" என்றார். மேலே பிள்ளைக்காரிகள் சில்வர் ஓக் மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பழம் பறிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மார்கழிப் பனி தூளித் துணியிலிருந்து சொட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் வருவார். பிள்ளையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு சிரித்துக்கொண்டே சேதி சொல்வார்.

"நீ என்னமோ இங்க படுத்துக் கெடக்கற. மேல உன்ற பேரு எடைக் கொட்டாயில மொதல்ல நிக்குது."

"என்னுங்க சொல்றீங்க?"

"ஆமா. நீ பறிச்ச மாதிரி இந்த வருசம் ஒருத்தரும் பறிக்கலியாம். போன வருசம் இந்தப் பிள்ளைக்கு என்ன வந்துச்சு, கைய மடியில வெச்சுக்கிட்டு இருந்துச்சான்னு மேஸ்திரியே கேக்கறாரு."

எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. நானும் மோசமான ஆள் இல்லை. ஆனால் நிறைமாதமும் பிரசவமுமாகக் கிடந்த நான் எஸ்டேட்டிலேயே அதிகம் பறித்தவளாக ஆகிவிட்டேன் என்பதை நினைத்து நினைத்து, சிரிக்கக்கூடாத உடம்போடு சிரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அத்தையே வந்தார். மடியில் கமலா ஆரஞ்சு. முகத்தில் வெளிச்சம் இல்லை. பிள்ளையை எடுத்துக் கொஞ்சினார், ஆனால் கொஞ்சல் பாதியில் நின்று நின்று போயிற்று.

"ஏனுங்கத்தை, மேல ஏதாச்சும் வம்புங்களா?" என்றேன்.

"நல்ல சேதிதான் சாமி. அதுதான் வம்பு. இந்த வருசம் வந்திருக்கற துரை, நெறையப் பறிச்சவளுக்குக் கம்பளி குடுக்கறாராம். கிறிஸ்துமஸுக்கு முந்துன நாளு எல்லாத்தையும் நிக்க வெச்சு, பேரக் கூப்பிட்டு."

"யாருக்குங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"நான்தானே நீ. அதான் மேஸ்திரி கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறாரு. துரை புதுசு. இருவது வயசுப் பிள்ளை பேரக் கூப்பிட்டா நான் போய் நின்னு பல்லக் காட்ட முடியுமா? நீ வந்து வாங்கிக்கோணுமாம். அப்பிடியே கிறிஸ்துமஸ் கழிஞ்சதும் வேலைக்கும் வந்துரோணுமாம். இனிமே ஆள் மாத்தற வேலையே ஆகாதுங்கறாரு."

வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டிருந்த என் அம்மா அதை நங்கென்று கீழே வைத்தார். "பச்ச ஒடம்புக்காரியையும் இந்தப் பூனைக்குட்டியையும் இப்ப மேல ஏத்தறதுங்களா சம்பந்தி?"

"எனக்கு மட்டும் ஆசைங்களா? ஊடு போயிருமேன்னுதானுங்க" என்றார் அத்தை. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. நான் பிள்ளையைப் பார்த்தேன். அதன் நெற்றியில் இன்னும் சுருக்கம் போகவில்லை.

அந்த நேரத்தில் நர்சம்மா எடை பார்க்க வந்தார். மூன்று பெண்களும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த நர்சம்மா சும்மா இருப்பார்? என்னவென்று கேட்டார். நான் சொன்னேன். அவர் துணியையும் தராசையும் கீழே வைத்துவிட்டார்.

"இரு, இரு. எஸ்டேட் நோட்டுப் படி நீ இப்ப எங்க இருக்க?"

"மலை மேல பழம் பறிச்சுக்கிட்டு இருக்கறேனுங்க."

"பிள்ளை பொறந்த அன்னிக்கு?"

அத்தை முந்திக்கொண்டார். "அன்னிக்கும் வந்திருந்தாளுங்க. அன்னிக்குப் பழம் நெறைய."

நர்சம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிள்ளை விழித்துக்கொண்டு அழ, அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட மகராசிகளா, இவளுக்குப் பேறுகால லீவு உண்டுன்னு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?" என்றார்.

அவர் சொன்னதை இன்றைக்கு எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது மேலுலகச் சேதி. வருடத்தில் வேண்டிய அளவு வேலை பார்த்திருந்தால் பன்னிரண்டு வாரம் லீவு. அதில் ஆறு வாரம்வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் பின்னால். அத்தனைக்கும் சம்பளம் உண்டு. லீவில் இருக்கிறவளை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது. பிரசவமாகி ஆறு வாரத்துக்கு அவளை வேலைக்கு வைக்கவே கூடாது. முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் கொடுக்கத் தவறினாலும் உரிமை போய்விடாது, இப்போதும் கொடுக்கலாம்.

"வேலைக்குப் போகாமச் சம்பளமா?" என்றார் அத்தை. "எந்தத் துரைங்க குடுப்பாரு?"

"துரை மனசு வெச்சுக் குடுக்கறதில்லீங்கம்மா. சட்டம். நான் ரெண்டு பெத்தேன், ரெண்டுக்கும் எடுத்தேன்."

அத்தை நர்சம்மாவை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு பெற்றும், லீவு எடுத்தும், வேலையில் இருக்கிற ஒரு பெண் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். அது எந்தச் சட்டப் புத்தகத்தையும்விடப் பெரிய அத்தாட்சி.

"ஆனா ஒண்ணு" என்றார் நர்சம்மா. "வேலைக்கு வந்திருக்கான்னு நோட்டுல இருந்தா லீவு எப்பிடிக் குடுப்பாங்க? வந்தது யாருன்னு நீங்க போய்ச் சொல்லியாகணும்."

அங்கேதான் மறுபடி சிக்கல். ஆள் மாற்றி நின்றதை ஒத்துக்கொண்டால் எஸ்டேட்டை ஏமாற்றியதாக ஆகும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று அத்தைக்குப் பயம். சொல்லாவிட்டால் பிள்ளை பனியில் தொங்க வேண்டும். அத்தை ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். நாரெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். சுளையை என் கையில் வைத்தார்.

"சீட்டு எழுதிக் குடுங்க அம்மணி. நானே போய்ச் சொல்றேன்" என்றார் நர்சம்மாவிடம்.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அத்தை நடித்துக் காட்டிப் பார்த்திருக்கிறேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் ரைட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வியர்க்கும்.

ரைட்டர் வேதக்காரப் பையன். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவர். திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை கீழே நின்றபடியே ஆரம்பித்திருக்கிறார்.

"ஏனுங்க ரைட்டர் சார், என்ற மருமகளுக்குப் பேறுகால லீவு வேணுமுங்க."

"குடுத்துரலாமுங்க. எப்பப் பிரசவம்?"

"ஆயிருச்சுங்க. இந்த மாசம் மொத வாரம்."

ரைட்டர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். உள்ளே போய் நோட்டைப் புரட்டினார். "சனிக்கிழமகூட வேலைக்கு வந்திருக்குதே உங்க மருமக."

"அது நானுங்க."

"அதுக்கு முந்துன வாரம்?"

"அதுவும் நானுங்க. பறிப்பு ஆரம்பிச்சதுல இருந்தே நானுங்க. என்ன பண்றதோ என்னையப் பண்ணுங்க, பிள்ளைய மட்டும் கீழயே உடுங்க."

திட்டப்போகிறார் என்று அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரைட்டர் திட்டவில்லை. நோட்டின் மேலேயே உட்கார்ந்துவிடுவார் போல இருந்ததாம். "நாளைக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வந்து இதப் பாத்தா என்னுங்க நெனைப்பாரு? பிள்ளை பெத்த அன்னிக்கே ஒரு பொண்ண மலை மேல பழம் பறிக்க வெச்சோம்னு எழுதுவாரு. ஆறு வாரத்துக்குக் கிட்டயே சேக்கக்கூடாதுங்க. எங்க எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சுக் கேப்பாரு."

அத்தை இந்த இடத்தில் நடிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொல்வார்: "அப்பத்தான் கண்ணு எனக்கு மூச்சே வந்துச்சு. பயமெல்லாம் எனக்குத்தான்னு நெனச்சேன். பாத்தா, என்னைய விட அவரு நொம்பப் பயந்துக்கிட்டு இருக்கறாரு."

ரைட்டர் அத்தையைத் துரையிடம் கூட்டிப்போனார். மேஸ்திரியும் வந்து ஓரமாக நின்றார். துரை நம் பக்கத்து ஆள்தான். துரை என்பது மேனேஜர் நாற்காலிக்கு வைத்த பேர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "அப்ப அவ்வளவையும் பறிச்சது நீங்களா?"

"நானுங்க. ஒரு பச்சைக் காயாச்சும் இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க."

துரை சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மாற்றிக்கொண்டு, "இவ்வளவு நல்லாப் பறிக்கறவங்க பேரை எதுக்குய்யா எடுத்தீங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"மருமக வந்துட்டாளுங்க. வழக்கமுங்க."

"யார் போட்ட வழக்கம்?"

மேஸ்திரி ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை துரையைப் பார்த்தார். இனிமேல் தலையை எண்ணும்போது மூஞ்சியையும் பார்க்கச் சொல்லி மேஸ்திரிக்கு ஓர் உத்தரவு கிடைத்தது. அத்தை உழைத்த நாளெல்லாம் பறிப்புக்கால ஆள் என்று அத்தையின் பேருக்கே மாறின. நான் கீழே போன நாளிலிருந்து எனக்குப் பேறுகால லீவு. லீவில் இருக்கிறவள் பேரை எடுக்க முடியாது, ஆகவே வீடு எங்கேயும் போகாது என்று ரைட்டர் தெளிவாகச் சொன்னார். அத்தை அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கூட்டத்தில் துரை கூப்பிட்டது அத்தையின் சொந்தப் பேரை. மருமகள் வந்ததிலிருந்து யாரும் அதைச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. "எனக்கே யாரோன்னு இருந்துச்சு" என்றார். பக்கத்தில் நின்றவள் இடுப்பில் குத்தித்தான் முன்னே தள்ளினாளாம்.

கம்பளியை மடித்துக் கையில் கொடுத்தபோது ரைட்டர் மெதுவாக இன்னொன்றும் சொன்னார். கிறிஸ்துமஸும் பொங்கலும் சம்பளத்தோடு விடுமுறை, இப்போது பேர் இருப்பதால் அவருக்கும் உண்டு.

"நான் வராட்டியுமுங்களா?"

"வராம இருக்கறதுக்குத்தானுங்க லீவு."

அப்போதுதான் அத்தைக்கு ஒரு பழைய விஷயம் விளங்கியது. வேலை பார்த்த அத்தனை வருடமும் பொங்கல் வந்த வாரத்தில் சம்பளம் குறையாமல் வருவதை அவர் கவனித்திருக்கிறார். ரைட்டர் கணக்கில் தப்புப் பண்ணுகிறார், கேட்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வருடா வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். லைனில் விசாரித்தால், அத்தனை பெண்களும் அதையே நினைத்து அத்தனை வருடமும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

சேதி லைன் முழுக்கப் பரவியது. கண் படும் என்கிற கட்டுப்பாடு அந்தத் தையோடு கழன்று விழுந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அடுத்து உண்டானபோது, புருஷன் வேலை முடிந்து வருவதற்குள் ஓடிப்போய் ரைட்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் காதுவரை சிவந்துபோய், "எனக்கு எதுக்குங்க இப்பவே?" என்றாராம். "நீங்கதானுங்க மொதல்ல தெரிஞ்சுக்கோணும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த வருடம் முழுக்க ரைட்டர் நல்ல சேதி கேட்டுக் கேட்டே சிவந்துகொண்டிருந்தார்.

பொங்கலன்று அத்தை குப்பனூர் வந்தார். என் வீட்டுக்காரர் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். நர்சம்மா முந்தின நாள்தான் எடை பார்த்துவிட்டு, "இப்ப இது பிள்ளை மாதிரி இருக்கு" என்று சொல்லிப் போயிருந்தார். நெற்றிச் சுருக்கம் போய்க் கன்னம் வந்திருந்தது. மாசி பிறக்கும்வரை எனக்கு லீவு இருந்தது. அதற்குள் மலையில் பனியும் குறைந்துவிடும்.

அத்தை கம்பளியை வாசலில் விரித்தார். பிள்ளையை அதன்மேல் போட்டார். தானும் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். என் அம்மா பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். வழக்கமாக இருந்தால் அத்தை அதைப் பிடுங்கித் தான் களைந்திருப்பார். அன்றைக்கு அசையவில்லை. பிள்ளை அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்த நாளிலிருந்து முதல்முறையாக அந்தக் கைகள் சும்மா இருந்தன. சுரமெல்லாம் வரவில்லை.

பொழுது சாய்ந்தது. மேலே போகிற சனம் காத்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் தெருவிலிருந்து ஒருமுறை ஹாரன் அடித்தார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை அடித்தார்.

"ஏன்டா அடிச்சுக்கிட்டே இருக்கற? பிள்ளை முழிச்சுக்கும்" என்றார் அத்தை, படுத்தபடியே. "பொழுது மசங்கற வரைக்கும் எனக்கு லீவு. சம்பளத்தோட. வேணும்னா ரைட்டரப் போய்க் கேளு."